கணினி ஓவியம் யாவர்க்கும் உரியது

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் இம்முறை ஒரு புதுமை நிகழவிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். நம் காலனிச் சிறுவர் சிறுமியர் கைப்பேசியிலும் கணினியிலும் வரைந்த ஓவியங்களை வெண்திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதென்று செயற்குழு முடிவு செய்திருக்கின்றது. அவ்வாறு காட்டும்போது ஒவ்வொரு படத்தையும் சொல்லால் விளக்கிப் படித்தலும் வேண்டும் என்று அன்பர் ஒருவர் கருத்துரைத்தார். அதற்கு மறுமொழியாக, “கண் தெரியாதவர்களுக்குப் படம் எதற்கு? அவர்களுக்குத்தான் பாட்டுக் கச்சேரி இருக்கின்றதே!” என்ற கேள்வியும் எழுந்தது. கேட்டவர் தீய எண்ணத்தால் கேட்டாரல்லர். பலர் உள்ளத்தில் உள்ளதைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். ஆயினும் அக்கேள்வியை அப்படியே விட்டுவிடுதல் தகாது என்று நாம் கருதுகின்றோம். 2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அவர்களுள் நம் காலனியினரும் உண்டு. முதுமையால் பார்வையும் செவியும் குன்றிய நம் வீட்டுப் பெரியோரை எண்ணினால் தொகை இன்னும் பெருகும்.

முதற்கண் படைப்போரைப் பற்றிப் பேசுவோம். கலையென்றால் மாற்றுத்திறனாளிகளை எப்போதும் பார்வையாளர் வரிசையிலேயே, அதுவும் கடைசி வரிசையிலேயே, உட்காரவைத்துப் பழகிவிட்டோம். சாந்திநிகேதனத்தில் பினோத் பிஹாரி முகர்ஜி என்னும் ஓவியர் வாழ்ந்தார். 1904இல் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு கண்ணுக்குப் பார்வை இல்லை. மற்றொரு கண்ணிலும் கிட்டப்பார்வைக் குறை மிகுதி. அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு 1946–47ஆம் ஆண்டுகளில் அங்குள்ள இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்காலத்து அடியார்களின் வாழ்க்கையைப் பெருஞ்சித்திரமாகத் தீட்டினார். பின்னர், ஐம்பது வயதைச் சிறிதே கடந்த நிலையில், கண்ணில் செய்த அறுவை சிகிச்சை பயன் தராது போகவே, எஞ்சிய பார்வையும் அறவே நீங்கிற்று. அத்துடன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாரோ? இல்லை. வண்ணத் தாள்களைக் கத்தரித்து ஒட்டிப் படம் சமைத்தார். 1972இல் கலாபவனத்துச் சுவரொன்றில் ஓடுகளாலான பெருஞ்சித்திரமும் அமைத்தார். அவரிடம் ஓவியம் பயின்ற சத்யஜித் ரே அதே ஆண்டில் அவரைப் பற்றி “தி இன்னர் ஐ” என்னும் செய்திப்படம் எடுத்தார். பார்வை இழந்த பின்னும் இருபது ஆண்டுகளுக்குமேல் அவர் கலைஞராகவே வாழ்ந்து 1980இல் மறைந்தார். கண்ணில்லாதவருக்குப் படம் எதற்கு என்று அவரிடம் யாரேனும் கேட்டிருப்பின் என்ன விடை கிடைத்திருக்குமோ!

அது தாளும் கத்தரியும் கொண்டு செய்த கலை. கணினி வந்தபின் வழி இன்னும் அகன்றிருக்கின்றது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துச் சுவர்களில் எழுத்தோவியம் தீட்டிவந்தவர் டோனி குவான் என்பவர். 2003இல் அவருக்கு ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய் கண்டது. அது கைகால்களின் இயக்கத்தைச் சிறிது சிறிதாகப் பறிப்பது. அவருக்கு இறுதியில் கண்களின் அசைவு ஒன்றே எஞ்சிற்று. 2009இல் நண்பர்களும் கணினிக் கலைஞர்களும் ஒன்றுகூடி, மலிவான மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில், சிறுவர் விளையாட்டுக் கருவிக்கென விற்கப்படும் குறைந்த விலைக் கேமராவைப் பொருத்தி, விழி எங்கே நோக்குகின்றதோ அங்கே கோடு விழுமாறு ஒரு கருவி செய்தனர். “ஐ ரைட்டர்” என்று அதற்குப் பெயர். குவான் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தபடியே கண்ணால் வரைந்தார். அவர் வரைந்தது நகரத்துக் கட்டடச் சுவரில் ஒளியாக வீழ்ந்தது. எம் உள்ளத்தைக் கவர்ந்தது இதனினும் வேறொன்று. அக்கருவியின் செய்முறை முழுவதையும் எவரும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று அவர்கள் விலையின்றி வெளியிட்டுவிட்டனர். பெரும்பொருள் கொடுத்தாலன்றிக் கிட்டாது என்றிருந்த ஒன்று கடைத்தெருப் பொருள்களைக் கொண்டு முடிந்தது.

அத்துணை அருமையான கருவிகள் எல்லார்க்கும் வேண்டுவதில்லை. கை நடுங்குவோர் வரையும் கோட்டைத் தானே சீராக்கித் தரும் வசதி, “கிரிட்டா” போன்ற விலையில்லா ஓவிய நிரல்களிலேயே இருக்கின்றது. மை கொட்டினால் தாள் பாழ். கணினியில் கை தவறினால் ஒரு பொத்தானை அழுத்திப் பின்னே போகலாம். கைக்கு அடங்காத தூரிகையைப் பிடித்து மன்றாடிய குழந்தைக்கு இஃது எத்துணைப் பெரிய விடுதலை! எழுத்தாணி பிடிக்க விரலில்லாதவர் வாயால் பற்றியும், தலையசைத்தும், ஒரே ஒரு விசையைத் தட்டியும், குரலால் ஏவியும் வரைய வழிகள் உண்டு. ஆனால் இவ்விடத்தே ஒரு குறையைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. படத்தைப் பெரிதாக்க இரு விரல்களைத் திரையில் வைத்து விரிக்க வேண்டும் என்பதையே ஒரே வழியாக வைத்து நிரல் எழுதிவிடுகின்றனர் சிலர். ஒரு விரலால் மட்டும் இயங்குபவர் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். அதே வேலைக்கு ஒரு பொத்தானும் வைத்தால் என்ன குறைந்துவிடும்? இங்கே தடையாய் நிற்பது நிரல் எழுதியவரின் மறதி. அதனை வரைபவரின் உடற்குறை என்று பெயரிட்டு அழைத்துவிடுகின்றோம்.

இனிக் காண்போரைப் பற்றி. இரயில்வே ஊழியர் நிறைந்த இவ்வவையில் இதனை விளக்குவது எமக்கு எளிது. பழைய கைகாட்டி மரத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் கை கிடையாக நின்றால் நில், தாழ்ந்தால் செல். இரவில் அதே செய்தியைச் செவ்விளக்கும் பச்சை விளக்கும் சொல்லும். இவ்வடபுலத்துக் குளிர்காலத்தில் பனிமூட்டம் கவிந்து கையும் தெரியாமல் விளக்கும் தெரியாமல் போனபோது என்ன செய்தார்கள்? சிக்னலுக்கு முன்னே தண்டவாளத்தின்மேல் பட்டாசை வைத்தார்கள். சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும். ஓசை கேட்ட டிரைவர் சிக்னல் அண்மையில் இருப்பதை உணர்வார். ஒரே செய்தி வடிவமாகவும் நிறமாகவும் ஒலியாகவும் மூன்று வழியில் சென்றது. பனிமூட்டத்தில் டிரைவருக்குக் கண் தெரியவில்லை, அவருக்குச் சிக்னல் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது ஜி.பி.எஸ். முறையில் சிக்னல் நெருங்குவதை முன்கூட்டி அறிவிக்கும் கருவியும் எஞ்சினில் வந்திருக்கின்றது. டிஜிட்டல் படத்திற்கு நாம் கேட்பதும் அதுவே, அதனினும் பெரிதன்று.

தாளில் வரைந்த படம் கண்ணுக்கு மட்டுமே பேசும். கணினியில் வரைந்த படமோ, தன்னுடன் சில சொற்களையும் மறைவாகச் சுமந்து செல்லவல்லது. அதனை மாற்றுரை என்பர். பார்வையற்றோர் கணினியையும் கைப்பேசியையும் திரைவாசிப்பான் என்னும் நிரலின் துணையால் இயக்குகின்றனர். திரையிலுள்ள எழுத்தை அது குரலாகப் படிக்கும். “என்.வி.டி.ஏ.” என்னும் நிரலை ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்களே 2006 முதல் ஆக்கி உலகிற்கு விலையின்றி வழங்கினர், அது தமிழும் படிக்கும். படத்தின்மேல் வந்ததும் அது மாற்றுரையைப் படிக்கும். மாற்றுரை இல்லையெனில் “படம்” என்று ஒரு சொல்லோ, பொருளற்ற கோப்பு எண்ணோ ஒலித்துவிட்டு அப்பாற் செல்லும். கச்சேரிக்கு அழைத்துச் சென்று வாயிற்படியிலேயே நிறுத்திவைப்பது போன்றது அது.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாத ஆடவர் நாம் நினைப்பதைவிட அதிகம். நம் துறையில் வேலைக்குச் சேரும்போது நிறப்பார்வைத் தேர்வு வைப்பது அதனால்தான். ஆகவே நிறம் ஒன்றை மட்டும் நம்பிப் பொருள் உணர்த்தும் படம் சிலர்க்கு ஊமைப் படமாகிவிடும். எழுத்திற்கும் பின்புலத்திற்கும் ஒளி வேற்றுமை குறைந்தது 4.5க்கு 1 என்னும் அளவில் இருத்தல் வேண்டும் என்று இணையத் தரங்களை வகுப்போர் விதித்திருக்கின்றனர். மஞ்சள் தாளில் வெள்ளை எழுத்து என்னும் அழகை நம் அழைப்பிதழ் அமைப்போர் கைவிட்டால் தாத்தா பாட்டிமார் வாழ்த்துவார்கள்!

மினுக்கும் ஒளியோ அழகு பற்றிய செய்தியன்று, உயிர் பற்றியது. 1997 டிசம்பர் 16ஆம் நாள் ஜப்பானில் சிறுவர்க்கான “போக்கிமான்” தொலைக்காட்சிப் படத்தில் சிவப்பும் நீலமும் விரைந்து மாறி மாறி மின்னிய காட்சியைக் கண்டு, 600க்கு மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், வலிப்பும் மயக்கமும் உற்று மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒரு நொடியில் மூன்று முறைக்குமேல் மின்னலாகாது என்பது இன்று உலகறிந்த விதி. நம் நாடக மேடையில் விளக்கு வைப்போரும் இதனை மனத்திற்கொள்வாராக.

அசையும் படங்களுக்கு வருவோம். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் இவ்வவையில் பலர் உளர். உரையாடலும் பாட்டும் காதில் விழும். பேச்சில்லாக் காட்சி வந்தால் பின்னணி இசை மட்டும் நெடுநேரம் ஒலிக்கும். கதாநாயகன் ஓடுகின்றானா விழுகின்றானா என்று தெரியாமல் விழிப்போம். அவ்விடைவெளியில் ஒரு குரல் நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் அதுவே ஒலி விவரிப்பு. செவிப்புலன் இல்லாதார்க்கு அதன் மறுதலையாகிய எழுத்துரை வேண்டும். அதில் உரையாடலை மட்டும் எழுதினால் போதாது. கதவு தட்டப்படுவதும் தொலைவில் இரயில் ஊதுவதும்கூட எழுதப்பட வேண்டும். திரையரங்கப் படங்களுக்கு இவை வேண்டும் என்று மைய அரசின் செய்தி ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது.

சட்டமும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 29ஆம் பிரிவில் கலையை அவர்கள் அணுகத்தக்கதாக ஆக்குவதையும் மாற்றுத்திறனுடைய கலைஞர்க்கு ஆதரவளிப்பதையும் அரசின் கடமையாகக் கூறுகின்றது. 2025 ஏப்ரல் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை அணுகும் உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. ஆனால் காலனிச் சங்கத்தின் வாயிலில் நீதிமன்றம் வந்து நின்று பார்க்கப் போவதில்லை. இது நாமே செய்துகொள்ள வேண்டியது.

“படத்தைச் சொல்லால் விளக்குவதா? அது நடக்கக்கூடியதா?” என்று ஐயுறுவோர்க்கு விடை நம் வீட்டு வாயிலிலேயே இருக்கின்றது. தாய்மார்கள் தொலைபேசியில் கோலம் சொல்லிக்கொள்வதைக் கேட்டதில்லையா? “ஏழு புள்ளி, நாலு வரை, இடைப்புள்ளி” என்பார்கள். தஞ்சாவூரிலிருக்கும் அக்காள் சொல்ல, இங்கே தங்கை எழுதிக்கொள்வாள். அச்சிறு தொடரில் அடங்கியிருப்பதைப் பாருங்கள். நடு வரிசையில் ஏழு புள்ளி; மேலும் கீழும் ஆறு, ஐந்து, நான்கு என்று குறைந்து செல்லும்; ஒவ்வொரு புள்ளியும் முன் வரிசையின் இரு புள்ளிகளுக்கு இடையே நிற்கும். ஆக ஏழு வரிசை, 37 புள்ளிகள், அறுகோண வடிவம். ஒரு கோடு வரையாமல் படத்தின் எலும்புக்கூடு முழுவதும் காதின் வழியே சென்றுவிட்டது! அதன்பின் எப்புள்ளியைச் சுற்றி எவ்வழி வளைவது என்பதைச் சொன்னால் கோலம் முடிந்தது. இஃது ஏதோ பெண்டிர் பேச்சு என்று ஒதுக்கற்பாலதன்று. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருதிவாசனும் 1974இல் கோலத்திற்கு இலக்கணம் வகுத்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். சொற்றொடர்க்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்திற்கும் விதிகள் எழுதலாம், அவ்விதிகளைக் கணினிக்கு அளிக்கலாம் என்று காட்டிய ஆராய்ச்சி அது. படத்தைச் சொல்லாக்கும் கலையில் நம் தாய்மார்கள் பிறரிடம் கற்க வேண்டியது சிறிதே.

நல்ல விளக்கவுரை எப்படி இருக்க வேண்டும்? அமெரிக்காவில் போயானா கோக்லியாட், ஷானன் ஃபின்னகன் என்னும் மாற்றுத்திறனாளிக் கலைஞர் இருவர், மாற்றுரையைக் கவிதை எழுதும் கவனத்துடன் எழுதுக என்று பயிற்சி நடத்தி நூலும் வெளியிட்டிருக்கின்றனர். சொல் சுருங்க வேண்டும். முதன்மையானது முதலில் வர வேண்டும். படைத்தவர் எதைக் காட்ட விரும்பினாரோ அது விளங்க வேண்டும். “ஒரு ரயில் படம்” என்பது விளக்கமாகாது. “வைகறை, மூடுபனிக்குள் இருந்து ஓர் எஞ்சினின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிகின்றது, நடைமேடையில் தேநீர்க் குவளையுடன் ஒருவர் தனியே நிற்கின்றார்” என்றால் கேட்பவர் உள்ளத்தில் குளிர் வீசும். இப்போது கணினியே படத்தைப் பார்த்து விளக்கம் எழுதித் தருகின்றது. விரைவுக்கு அது நன்று. ஆயினும் அது எழுதியதை ஒருவர் படித்துத் திருத்திய பின்னரே ஏற்க வேண்டும். குழந்தை தன் பாட்டியை வரைந்திருக்க, “வயதான பெண்மணி ஒருவர்” என்று அது எழுதினால் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் குழந்தை வரைந்தது அதுவன்று.

பரிசைப் பற்றியும் எம் கருத்தைச் சொல்லிவிடுகின்றோம். மாற்றுத்திறனுடைய சிறார்க்கெனத் தனி ஓவியப் போட்டியும் ஆறுதற் பரிசும் வைக்கலாம் என்றனர் சிலர். அன்பால் கூறியதே, ஆயினும் எமக்கு உடன்பாடில்லை. போட்டி ஒன்றாகவே இருக்கட்டும். எந்தக் கருவியால் வரைந்தாலும் ஒப்புக்கொள்ளட்டும். நேரம் மட்டும் கூடுதலாகத் தரட்டும். கண்ணசைவால் வரைபவருக்கு ஒரு கோடு வரைய நாம் பத்துக் கோடு வரையும் நேரமாகலாம். பரிசு படத்திற்கு, வரைந்தவரின் உடல்நிலைக்கன்று.

தொட்டுணரும் வழியையும் மறத்தலாகாது. தில்லித் தேசிய அருங்காட்சியகத்தில் 2015இல் “அனுபவ்” என்னும் காட்சிக்கூடம் அமைத்து, சிற்பங்களின் படிகளைத் தொட்டறிய வைத்தனர். அவ்வாண்டே ஸ்பெயின் நாட்டுப் பிராடோ அருங்காட்சியகத்தில் பெயர்பெற்ற ஓவியங்கள் சிலவற்றைக் கணினியின் துணையால் மேடுபள்ளமாக அச்சிட்டு விரல்களுக்கு விருந்தாக்கினர். நமக்கு அத்துணைச் செலவு ஆகாது. தடித்த தாளில் கம்பளி நூலை ஒட்டினால் ஒரு கோலம் விரலுக்குத் தெரியும். மாதர் பிரிவினர் ஒரு மாலைப் பொழுதில் செய்து முடிக்கக்கூடியது.

இறுதியாக நம் கையெழுத்துக்கு, அதாவது கணினி எழுத்துக்கு, வருவோம். தமிழ்ச் சங்கங்கள் பலவற்றில் பழைய எழுத்துருக்களிலேயே இன்றும் தட்டச்சுச் செய்கின்றனர். அச்சில் அது தமிழாகத் தோன்றும். திரைவாசிப்பானுக்கோ பொருளற்ற குறிகளாகவே கேட்கும். யூனிகோடு முறையில் எழுதினால்தான் அது தமிழாகப் படிக்கும். நிகழ்ச்சி நிரலையும் அழைப்பையும் படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவதிலும் இதே தீங்கு உண்டு. பூவும் குத்துவிளக்கும் போட்ட படத்தை அனுப்புங்கள், வேண்டாமென்பாரில்லை; அதன் கீழே நாள், நேரம், இடம் ஆகியவற்றை எழுத்தாகவும் தட்டி அனுப்புங்கள். ஒரு நிமிட வேலை.

இவ்வாண்டு மலரை யூனிகோடு எழுத்தில் அமைத்து, அதன் மின்படியை வேண்டுவோர்க்கு அனுப்புமாறு செயலாளர் அவர்களை வேண்டிக்கொள்கின்றோம். கட்டுரைகளுக்கு அது போதும். விளம்பரங்களும் படங்களும் எஞ்சியிருக்கின்றன; அவற்றுள் முதலாவது அட்டைப்படம். அதற்கு ஐந்தாறு வரியில் விளக்கவுரை எழுத முன்வருவோர், கூட்டம் முடிந்ததும் எம்மிடம் பெயர் தந்தால் போதும்.